மிஷன் ஆஸ்பத்திரி, டிரஸ்ட், ஆசிரமம்: அங்கே உடலுழைப்பு வேலை செய்பவர்களோடு உங்கள் அனுபவம்

ஓய்வுபெற்ற செவிலியர், நாகர்கோவில்

நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி என்றாலே எங்கள் பக்கத்தில் டாக்டர் சாமர்வெல் பேச்சு வந்துவிடும். 1924-இல் எவரெஸ்ட்டில் ஏறக்குறைய 28,000 அடி வரை ஏறிய மனிதர், திருவிதாங்கூரின் ஒரு மூலைக்கு வந்து குடல்புண்காரர்களின் வயிற்றை அறுத்துத் தைத்துக்கொண்டிருந்தார். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் நான் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்தவள். அத்தனை வயிற்றுக்கும் விரித்த துணியைத் துவைத்தது யார், அவித்தது யார் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

நான் இருந்தது வேறொரு மிஷன் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் துணியை நீராவியில் அவித்துக் கிருமி நீக்கும் அறையில் ஒரு அண்ணன் இருந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நீராவிக்கு 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம் என்பது அவருக்குத் தூக்கத்திலும் மறக்காது. ஒரு நாள் குடலிறக்க ஆபரேஷனுக்கு நோயாளி வெளியே காத்திருக்கிறார், துணி டிரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் அண்ணன் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த துணிக்கட்டின் மேல் புறங்கையை வைத்தபடி நிற்கிறார். துணிக்கட்டின்மேல் ஒட்டிய பட்டையில் கறுப்புக் கோடுகள் விழுந்திருந்தன. சூடு ஏறியாயிற்று என்று பொருள். டாக்டர் கேட்கிறார் என்றேன்.

"உள்ளே ஈரம் நிற்கிறது, சிஸ்டர். டாக்டரே வந்தாலும் மறுபடி அவித்துத்தான் தருவேன்."

அவர் சொன்னது சரி. ஈரத்துணி வழியாகக் கிருமி உள்ளே இறங்கிவிடும். பட்டை கறுத்திருக்கிறதே என்று எடுத்து விரித்துவிட முடியாது. டாக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த ஆண்டறிக்கையில் எத்தனை ஆபரேஷன் என்ற கணக்கு இருந்தது, அண்ணன் இல்லை.

சலவை அக்காவையும் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. வெந்நீரில் போட்டால் இரத்தக்கறை பிடித்துக்கொள்ளும் என்பதால் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, கொடியில் போடுவதற்குள் வேளிமலைப் பக்கம் இருட்டிவிடும். "நாளைக்கு இரண்டு கேஸுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், துணி காயாது" என்பார். ஆபரேஷன் பட்டியல் அப்படித்தான் முடிவாகும். டாக்டர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கணக்கர், தக்கலை

படுக்கையில் கிடக்கும் புற்றுநோயாளிகளை வீடு தேடிப்போய்ப் பார்க்கும் ஒரு டிரஸ்டில் கணக்கு எழுதினேன். பெயர் வேண்டாம். விளவங்கோடு பக்கம் ரப்பர்த் தோட்டத்து மேட்டில் வீடு இருக்கும். வண்டி கீழேயே நின்றுவிடும். ஓட்டுநர்தான் பையைத் தூக்கிக்கொண்டு நர்ஸ் பின்னால் ஏறுவார். நர்ஸ் உள்ளே புண்ணைக் கழுவிக் கட்டும்போது இவர் அடுக்களைப் பக்கம் நின்று வீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுப்பார். திரும்பும் வழியில், "அந்த வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு மூட்டவில்லை, சிஸ்டர்" என்பார். நோயாளியின் ஃபைலில் இது வராது. மறுநாள் அந்த வீட்டுக்கு அரிசி போகும்.

இப்படிப்பட்டவர் சம்பள உயர்வு கேட்டபோது, "இது சேவை, கூலி வேலை இல்லை" என்று மேலிடம் பதில் சொன்னது. சொன்னவர் சம்பளப் பட்டியலும் என் மேஜையில்தான் இருந்தது. என்னிடம் கேட்டால், சேவை என்ற சொல்லை மேலே இருப்பவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம். கீழே இருப்பவரின் பையைப் பார்த்துச் சொல்லக்கூடாது.

கன்னியாகுமரியிலிருந்து ஒருவர்

விவேகானந்தர் பாறைக்கு வரும் விருந்தாளிகளிடம் மண்டபம் 1970-இல் திறந்தது, ஏக்நாத் ரானடே முன்னின்று கட்டியது என்று நானும் ஒப்பிப்பேன். அங்கே இருக்கும் ஒவ்வொரு கல்லும் படகில்தான் போயிருக்க வேண்டும், இல்லையா? ஆடிக்காற்றில் சும்மா ஏறி நிற்பதற்கே நமக்குக் கால் ஆடுகிறது. ஏற்றி இறக்கியவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

சிறு காப்பகம் நடத்துபவர், மார்த்தாண்டம்

தக்கலைக்காரர் சொல்வதில் பாதிக்குத்தான் உடன்படுவேன். எங்களுக்கு வரும் நன்கொடை கட்டடத்துக்கு வரும், ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் சாப்பாட்டுக்கு வரும். சமையல்கார அம்மாவின் சம்பளத்துக்கென்று யாரும் தருவதில்லை. கேட்டால் "அதற்குமா?" என்பார்கள். எங்களிடம் பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். அந்த அம்மா இருபது ஆண்டு முடித்து இந்த மாதம் வேலையிலிருந்து நிற்கிறார். பொன்னாடையும் ஒரு குத்துவிளக்கும் கொடுப்பதாக இருக்கிறோம்.

கணக்கர், தக்கலை

ஐயா, பொன்னாடை போடுங்கள், தப்பில்லை. ஆனால் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) தரவேண்டும். கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்குங்கள். அந்த இரண்டும் சேர்ந்து 12,000 ரூபாய் என்றால் இருபது ஆண்டுக்கு 1,38,461 ரூபாய் வரும். விலகிய முப்பது நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், பிந்தினால் வட்டி ஏறும். அடுத்த முறை நன்கொடையாளர் வரும்போது இந்தத் தொகையைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். கட்டடத்துக்குத் தருபவரிடமே கேட்கலாம்.