ஒரே ஒரு சுரம் மட்டும் ஏன் வீங்கிக் கேட்டது?

இரண்டு வருடமாக என் ஸ்பீக்கர்கள்மேல் எனக்கு ஒரு மனக்குறை. பேஸ் கிட்டார் மேல் தந்திகளில் போகும்வரை எல்லாம் தெளிவாக இருக்கும். அடித் தந்திக்கு இறங்கியதும் ஒரு சுரம் மட்டும் வீங்கி, பாடுகிறவரின் குரலையே மூடிவிடும். ஆம்ப்ளிஃபயரை மாற்றினேன், ஒயரை மாற்றினேன். வீக்கம் அப்படியேதான் இருந்தது.

ஒருநாள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து அறையின் நடுவுக்கு வந்தேன். வீக்கத்தைக் காணோம். திரும்பச் சோபாவுக்குப் போனால் மறுபடியும் வந்துவிட்டது. உடனே டேப் எடுத்து அளந்தேன். அறையின் நீளம் 4 மீட்டர். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால், அந்த நீளத்துக்கு அறை முழங்கும் மிகத் தாழ்ந்த ஒலி கிடைக்கும்: 43 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 43 அதிர்வு. பேஸ் கிட்டாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ், அதற்கு மேல் அரைச் சுரம் ஏறினால் 43.7. அறையே அந்தச் சுரத்துக்குச் சுருதி சேர்ந்து நின்றிருக்கிறது! எதிரெதிர்ச் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது சுவரோரம் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், நட்டநடுவில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. என் சோபா பின்சுவரை ஒட்டிக் கிடந்தது, ஸ்பீக்கர்கள் இரண்டும் மூலையில். மூலை என்றால் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, இன்னும் ஏறும்.

ஸ்பீக்கர்களை முன்சுவரிலிருந்து 60 செ.மீ. வெளியே இழுத்தேன். சோபாவைப் பின்சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் முன்னால் கொண்டுவந்தேன். (நட்டநடுவில் போட்டுப் பார்த்தேன், பேஸ் சப்பென்று ஆகிவிட்டது.) ட்வீட்டர் (ஸ்பீக்கர் பெட்டியில் கீச்சொலியைத் தரும் சின்ன வட்டம்) காது மட்டத்துக்கு வரும்படி ஸ்டாண்டை உயர்த்தினேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையில் எவ்வளவு தூரமோ, அதே தூரத்தில் உட்கார்ந்தேன். பாடுகிறவர் என் எதிரே, நடுவில் நின்று பாடினார். அன்று இரவு தூக்கமே வரவில்லை, ஒவ்வொரு பாட்டாகத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

*

எனக்கு இதற்கு நேர்மாறா நடந்தது. வீடு மாறி எல்லாத்தையும் திரும்ப மாட்டினப்போ பேஸே இல்லை, குரலும் எங்கிருந்து வருதுன்னு பிடிபடலை. தற்செயலா ஒரு பக்க ஸ்பீக்கரை அணைச்சேன், பேஸ் கூடிடுச்சு! ஒண்ணை நிறுத்தினா கூடுதுன்னா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிராத்தான் வேலை செய்யணும். பின்னாடி பார்த்தா ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறியிருந்தது. ஒரு ஸ்பீக்கரோட கோன் (முன்னும் பின்னும் அதிர்ற கூம்பு) முன்னால் தள்ளும்போது இன்னொண்ணு பின்னால் இழுத்திருக்கு. ஒயரை மாத்த ஒரு நிமிஷம்கூட ஆகலை. புதுசா எதுவும் வாங்குறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு அந்த நாலு முனையையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

*

நான் சுவர் முழுக்க ஃபோம் ஒட்டியவன். சிம்பல் (டிரம்ஸோடு தட்டும் உலோகத் தட்டு) ஒலி மங்கிப்போனது, பேஸ் முழக்கம் மட்டும் குறையவே இல்லை. முதலில் சொன்ன அந்த 43 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8 மீட்டர். இரண்டு அங்குல ஃபோம் அதை எப்படி அடக்கும்? எல்லாவற்றையும் கழற்றினேன். பிறகு நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் இருக்க, மனைவி பக்கச் சுவரில் கண்ணாடியை மெல்ல நகர்த்தினார். எந்த இடத்தில் ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரிந்ததோ, ஒலியும் அங்கே பட்டுத்தான் என் காதுக்குத் திரும்பும். அங்கே மட்டும், பக்கத்துக்கு ஒன்றாக, ஒலியை உறிஞ்சும் தடிமனான பலகை மாட்டினேன். இப்போது சிம்பலின் கடைசி அதிர்வு அடங்கும்வரை கேட்கிறது.