‘சம்ஒன் லைக் யூ’ பாடல் ஏன் கண் கலங்க வைக்கிறது?

கேள்வி:
வணக்கம். பிரிட்டிஷ் பாடகி அடெல் பாடிய ‘சம்ஒன் லைக் யூ’ பாடலை, அது வெளிவந்த 2011ஆம் ஆண்டிலிருந்து கேட்டுவருகிறேன். பியானோவும் குரலும் தவிர அதில் வேறு வாத்தியமே இல்லை. பிரிந்துபோன காதலனுக்கு மணமாகிவிட்டதைக் கேள்விப்பட்டு, அழையாமலேயே அவன் வாசலில் போய் நிற்கும் பெண்ணின் கதை அது. கதை மனப்பாடமான பிறகும், பல்லவி தொடங்கும் அதே இடத்தில் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. இதற்குக் காரணம் சொற்களா, மெட்டா, குரலா? இசை கற்றவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
நான் பியானோ வாசிப்பவன். ஆகவே மெட்டிலிருந்து தொடங்குகிறேன். பாடல் ஏ மேஜர் என்னும் மேற்கத்திய சுரவரிசையில் அமைந்தது. மகிழ்ச்சிக்கு உரியது என்று பொதுவாகக் கருதப்படும் மேஜரில்தான் இத்தனை துயரமும் பாடப்படுகிறது. சரணத்தில் கீழ்ச்சுரம் ஏ, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப் எனப் படிப்படியாக இறங்கி டி-யில் போய் நிற்க, அதன் மேல், சுரங்களைச் சேர்த்து அழுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கும் ஆர்பெஜியோ ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கிறது. அதுவரை தாழ்ந்த குரலில், ஏறக்குறையப் பேசுவதுபோலவே பாடிக்கொண்டிருந்தவர் பல்லவியில் சட்டென்று மேலே ஏறுகிறார். உங்களுக்குத் தொண்டை அடைப்பது அந்த ஏற்றத்தில்தான். அடெலோடு சேர்ந்து பாடலை எழுதிய டான் வில்சனே பியானோவும் வாசித்திருக்கிறார். எந்த இடத்திலும் அவர் குரலை முந்தவில்லை.

மறுமொழி 2:
உளவியலாளர் ஜான் ஸ்லோபோடா 1991இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே உதவும். கேட்பவரின் கண்ணில் நீர் வரவழைத்த இசைப்பகுதிகளில் அப்பொஜியாட்டுரா என்னும் அலங்காரம் அடிக்கடி வந்ததை அவர் கண்டார். கார்டுக்கு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்துக்குப் பொருந்தாத சுரம் ஒன்று அழுத்தமாக ஒலித்து, உடனே பொருந்தும் சுரத்தில் போய் அமைவதே அது. அந்தச் சிறு உரசலும் தணிவும் மனத்தை இளக்குகின்றன. இந்தப் பாடலுக்கும் அதையே காரணமாகச் சொன்னவர்கள் உண்டு. அது மட்டுமே போதும் என்று நான் நினைக்கவில்லை. இதே மெட்டைப் பியானோவில் மட்டும் வாசித்துப் பாருங்கள்: இனிமையாக இருக்கும், அழுகை வராது.

மறுமொழி 3:
என் வாக்கு சொற்களுக்கே. அவள் அவனை மனமார வாழ்த்துகிறாள். வாழ்த்திய கையோடு, தன்னை மறந்துவிடாதே என்று கெஞ்சவும் செய்கிறாள். கவலை வேண்டாம், உன்னைப் போல் ஒருவனைத் தேடிக்கொள்வேன் என்கிறாளே, அந்த ஆறுதலில்தான் அவள் பிடிபட்டுவிடுகிறாள்: இனி வரப்போகிறவனுக்கும் அளவுகோல் பழையவனே. சொற்கள் விடைபெறுகின்றன, குரல் விடைபெற மறுக்கிறது. 2011 பிப்ரவரியில் லண்டனில் நடந்த பிரிட் இசை விருது விழாவில் இதைப் பாடி முடித்தபோது அடெலே கண்கலங்கிவிட்டார். அதையடுத்து இந்தப் பாடல் பிரிட்டன் தரவரிசையில் 47ஆம் இடத்திலிருந்து முதலிடத்துக்குத் தாவியது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. கீழ்ச்சுரத்தை மட்டும் கவனித்தபடி இப்போது மறுபடியும் கேட்டேன். இந்த முறை பல்லவி வரைகூடப் போகவில்லை, சரணத்திலேயே கண் கலங்கிவிட்டது.