நான்கு நாள் நின்றால் பேட்டரி காலி: பழைய 520டி, கூடவே நான் மாட்டிய கருவிகள்

கோவை520
வணக்கம். என்னிடம் 2008 மாடல் பிஎம்டபிள்யூ 520டி இருக்கிறது, இ60 வகை, நம் மஹிந்திரா சிட்டி ஆலையில் பூட்டியது. போன வருடம் மூன்றாவது ஓனராக வாங்கினேன். ஓட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் நான்கு நாள் போர்ட்டிகோவில் நின்றால் ஐந்தாம் நாள் செல்ஃப் எடுப்பதில்லை, டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது. அதற்கு முந்தைய நாட்களிலேயே பேட்டரி அதிகம் இறங்குகிறது என்று திரையில் எச்சரிக்கை காட்டியது. பேட்டரிதான் பழசு என்று நினைத்து இரண்டு மாதம் முன்பு புதிது போட்டேன், 80 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு), சாதாரண வகை. அப்புறமும் அதே கதை.

450 ரூபாய்க்கு ஒரு புளூடூத் ஓபிடி அடாப்டர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) வாங்கி ஸ்கேன் செய்தேன், பழுது ஏதும் இல்லை என்கிறது. உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார். விலையைக் கேட்டதும் பயமாகிவிட்டது. என்ன செய்யலாம்?

அண்ணாநகர்_இ60
ஆல்டர்னேட்டரை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஓட்டும்போது சார்ஜ் ஏறாமல் போனால் அது வேறு பிரச்சினை. உங்களுக்கு நிற்கும்போதுதான் இறங்குகிறது.

அந்த அடாப்டர் பழுது இல்லை என்று சொன்னதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது நண்பரே. இஎல்எம்327 (இந்த மாதிரி அடாப்டரில் இருக்கும் சிப்) போலிகள் எல்லாம் எஞ்சினின் புகை சம்பந்தமான பொதுவான பழுதுக் குறியீடுகளை மட்டும்தான் படிக்கும். இந்த வண்டியின் மின்சாரக் கணக்குப் பக்கமே அது எட்டிப் பார்க்காது. பெட்டியில் 1.5 என்று பதிப்பு எண் போட்டிருந்தால் கண்டிப்பாகப் போலி, அப்படி ஒரு பதிப்பை அசல் நிறுவனம் வெளியிட்டதே இல்லை.

ஒன்று கேட்கிறேன், அந்த அடாப்டரை எப்போதும் செருகியே வைத்திருக்கிறீர்களா? ஓபிடி சாக்கெட்டில் 16ஆம் பின் நேரடி பேட்டரி லைன். சாவியை எடுத்தாலும் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். வேறு என்னென்ன மாட்டியிருக்கிறீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கள்.

கோவை520
ஆமாம் அண்ணா, செருகியபடியே இருக்கிறது. பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றை டேஷ்போர்டில் ஒட்டி கூலன்ட் சூடு, டர்போ பூஸ்ட் எல்லாம் அதில் பார்க்கிறேன். டேஷ்கேமும் இருக்கிறது, பார்க்கிங்கில் ரெக்கார்டு ஆகும்படி ஃபியூஸில் இருந்து வயர் எடுத்துக் கொடுத்தார்கள். போனுக்கும் அதே வயரில்தான் சார்ஜ்.

பினாங்கு_டீசல்
தம்பி, அடாப்டர் தானாகக் குடிப்பது கொஞ்சம்தான். 40 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 1 ஏஎச் கூட வராது, நான்கு நாளில் பேட்டரி படுக்காது. ஆனால் போனில் ஆப் ஓடிக்கொண்டே இருந்தால் அது எஞ்சின் கம்ப்யூட்டரை ஓயாமல் கேள்வி கேட்கும், வண்டி தூங்கவே போகாது. அப்போது இறங்குவது மில்லியில் இல்லை, ஆம்பியரில். நான் அங்கேதான் சந்தேகப்படுவேன்.

சோதிக்க வழி சொல்கிறேன். டிசி கிளாம்ப் மீட்டர் (வயரைக் கழற்றாமல் கவ்வி அளப்பது) வேண்டும், ஏசி மட்டும் அளப்பது உதவாது. நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவில் மல்டிமீட்டர் போடாதீர்கள், கழற்றி மாட்டினாலே எல்லாக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் விழித்துக்கொள்ளும், மீட்டரின் ஃபியூஸும் போகலாம். பேட்டரி டிக்கியில் வலது பக்கம் இருக்கிறது. டிக்கியைத் திறந்தே வைத்து, அதன் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள், வண்டி டிக்கி மூடியதாக நினைக்கும். (அப்புறம் ரிமோட்டில் திறந்து கொக்கியை விடுவிக்காமல் டிக்கியை அடித்து மூடிவிடாதீர்கள்.) வண்டியைப் பூட்டி ஒரு மணி நேரம் யாரும் தொட வேண்டாம். கியர் லீவர் மேல் உள்ள எழுத்து விளக்கு அணைந்தால் தூங்கிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு நெகட்டிவ் வயரில் கிளாம்ப். 50 மில்லிக்குக் கீழே வந்தால் நல்லது, 80ஐத் தாண்டக் கூடாது.

கோவை520
மச்சான் சோலார் வேலை செய்கிறார், அவரிடம் டிசி கிளாம்ப் இருந்தது. நேற்று இரவு முழுக்க இதே வேலை.

எல்லாம் மாட்டிய நிலையில் ஒரு மணி நேரம் கழித்தும் மீட்டரில் எண் இறங்கவே இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் எழுத்து விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. அடாப்டரை உருவி, போனை எடுத்து, மறுபடி பூட்டிக் காத்திருந்தேன். விளக்கு அணைந்தது, 0.31 ஆம்பியர். அந்த விளக்கு அணைந்ததைப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்லவே முடியாது. அப்புறம் டேஷ்கேம் வயரைக் கழற்றினேன், 0.03.

அண்ணாநகர்_இ60
அருமை. டேஷ்கேம் மட்டுமே ஒரு நாளைக்கு 6.7 ஏஎச் தின்றிருக்கிறது, நான்கு நாளில் 27. அதற்கு சாவி போட்டால் மட்டும் வரும் லைன் கொடுங்கள், பார்க்கிங் ரெக்கார்டிங் வேண்டாம்.

இன்னொன்று, புதிய பேட்டரி போட்டதை வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவு செய்தார்களா? இல்லை என்றால் வண்டி இன்னும் பழைய பேட்டரி கணக்கில்தான் சார்ஜ் செய்யும். பழையது 90 ஏஎச் ஏஜிஎம் (கண்ணாடி இழைப் பாய் உள்ள வகை) ஆக இருந்தால் பதிவு மட்டும் போதாது, அளவையும் வகையையும் கோடிங்கில் மாற்ற வேண்டும். எஃப்டிடிஐ சிப் உள்ள கே-டிகேன் கேபிள் (பிஎம்டபிள்யூவை லேப்டாப்புடன் இணைப்பது) வாங்குங்கள், லேப்டாப்பில் பதிவுக்கு இன்பா, கோடிங்குக்கு என்சிஎஸ் எக்ஸ்பர்ட் (இரண்டும் பிஎம்டபிள்யூ சர்வீஸ் மென்பொருள்). லேப்டாப்பின் காம் போர்ட் அமைப்பில் லேட்டன்சி (தாமத நேரம்) 16 என்று இருக்கும், 1 ஆக்குங்கள், அதை மாற்றாமல்தான் பலர் கேபிள் சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். கோடிங் செய்யும்போது சார்ஜர் மாட்டியே இருக்கட்டும், பாதியில் வோல்ட் இறங்கினால் பெட்டியே கெட்டுப்போகும்.

கோவை520
பதிவு செய்யவில்லை அண்ணா, பேட்டரி கடையில் யாரும் சொல்லவே இல்லை. பழைய பேட்டரியின் போட்டோ போனில் இருந்தது, பார்த்தேன், 90 ஏஜிஎம் தான். கேபிள் ஆர்டர் போட்டாயிற்று.

(பத்து நாள் கழித்து) கேபிள் வந்தது. முதலில் கனெக்ட் ஆகவில்லை, லேட்டன்சி மாற்றியதும் உடனே பிடித்தது. அளவும் வகையும் மாற்றி, பதிவும் செய்தாயிற்று. அதன் பிறகு ஆறு நாள் வண்டியைத் தொடவில்லை. இன்று காலை ஒரே செல்ஃபில் எடுத்தது. அடாப்டர் இப்போது கிளவ் பாக்ஸில் இருக்கிறது, தேவைப்படும்போது மட்டும் செருகுகிறேன்.