புதுப்பிப்பு: ஸ்புட்னிக் ஸ்டீரியோ கேமராவின் வலப்பக்க மங்கல் தீர்ந்தது

போன மாதம் கேட்டிருந்தேன்: லெனின்கிராடில் தயாரான என் பழைய ஸ்புட்னிக்கில் (ஒரே காட்சியை இரு லென்ஸால் ஜோடிப் படமாக எடுக்கும் ஃபிலிம் கேமரா; இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் காட்சி ஆழத்தோடு தெரியும்) ஜோடிப் படங்களில் இடது பக்கம் கூர்மையாக, வலது பக்கம் மட்டும் மங்கலாக வருகிறதே, ஏன் என்று. கை நடுக்கமாக இருக்கலாம் என்றார்கள் சிலர். கை ஆடியிருந்தால் இரண்டு படமும் சேர்ந்தே கெட்டிருக்கும்.

காரணம் கிடைத்துவிட்டது. இதில் மூன்று லென்ஸ்கள், படமெடுக்க இரண்டு, பார்த்துக் குறிவைக்க நடுவில் ஒன்று. மூன்றும் பல்சக்கர வளையங்களால் கோத்தவை; ஒன்றைத் திருப்பினால் மற்றவையும் திரும்பும். முன்பு யாரோ கழற்றித் துடைத்துவிட்டு, வலது வளையத்தைச் சில பற்கள் தள்ளி மாட்டியிருக்கிறார்கள்; அதனால் வலது லென்ஸின் குவியம் மட்டும் விலகிப்போனது.

சரி, எப்படிக் கண்டுபிடித்தேன்? பின்கதவைத் திறந்து, ஃபிலிம் படியும் தண்டவாளத்தின் மேல் டிரேசிங் தாளை இழுத்து ஒட்டினேன். ஷட்டர் 'பி'யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்தே இருக்கும்), லென்ஸின் ஒளித்துளை முழுதாகத் திறந்து 4.5-இல், தூரம் முடிவிலியில். தலைக்கு மேல் கறுப்புத் துணி. தூரத்துச் செல்போன் கோபுரம் தலைகீழாகத் தெரிந்தது: இடப்பக்கம் கம்பி கம்பியாக, வலப்பக்கம் வெறும் சாம்பல் கோடாக.

வளையத்தின் சிறு திருகுகளைத் தளர்த்தி, லென்ஸின் முன்கண்ணாடியை மட்டும் மெல்லத் திருப்பினேன். கம்பிகள் தெளிந்ததும் முன்கண்ணாடி அசையாமல் வளையத்தைப் பல்லோடு பல் பொருத்தி முடுக்கினேன். அப்புறம் நடு லென்ஸையும் சரிபார்த்தேன். இதை விட்டுவிடாதீர்கள், குறிபார்ப்பது அதில்தானே.

நேற்று ஒரு 120 வகை ஃபிலிம் சுருள் கழுவினேன். ஆறு ஜோடியும் கூர்மை. வேப்பமரப் படத்தில் கிளை கண்ணுக்கு முன்னால் நீண்டு வருகிறது! யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.