அசலைத் தொடக்கூடாதாம், வட்டியில்தான் வடசென்னை பிழைக்கணுமாம்

எண்ணூர் முகத்துவாரம்:
பக்கத்துக் குழுவில் ஒருத்தர் எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. வடசென்னையில் தொண்டு அமைப்புகளுக்குப் பஞ்சமில்லையாம், அவற்றைத் தாங்கிப் பிடிக்க ஒரு சமூக அறக்கட்டளைதான் இல்லையாம். ஊர்க்காரர், வியாபாரி, கம்பெனி என்று எல்லாரும் போடுகிற பணத்தை ஒரே நிதியாக்கி, அசலைத் தொடாமல், அதில் வரும் வருமானத்தை மட்டும் வருடா வருடம் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாமாம். அமெரிக்காவில் கிளீவ்லாந்து என்ற ஊரில் 1914லேயே செய்துவிட்டார்களாம். அசலைத் தொடாமல்! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கி கொசஸ்தலை ஆறு முழுக்கப் படிந்தபோது எங்கள் ஆட்கள் பக்கெட்டில் அள்ளினார்கள், பக்கெட் இல்லாதவன் கையால் அள்ளினான். வலை போச்சு, ஃபைபர் படகெல்லாம் தார் பூசின மாதிரி ஆச்சு. அந்த வாரம் வேண்டியிருந்தது கையுறையும் அரிசியும் வலையும். வட்டி வர மார்ச் ஆகும், பொறுங்கள் என்றா சொல்லியிருப்பீர்கள்?

பெரம்பூர் பேரேடு:
எழுதியது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். பேரிடர் நிதி வேறு, இது வேறு. வெள்ளம் வந்தால் ஊரே ஓடி வந்து கொடுக்கும், அது எனக்கும் தெரியும். வெள்ளம் வடிந்த மூன்றாவது மாதம் யார் வருகிறார்கள்? வியாசர்பாடியில் மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு, ஒரே ஒரு ஃபேனுக்குக் கீழே பிள்ளைகளை உட்கார வைத்து மாலை வகுப்பு நடத்துகிற பசங்களுக்கு வாடகையும் கரண்ட் பில்லும் மாதா மாதம் வந்தாக வேண்டும். ஒரு கோடி ரூபாய் அசல் 7 சதவீதத்தில் இருந்தால் வருடத்துக்கு 7 லட்சம். அது அடுத்த வருடமும் வரும், இருபது வருடம் கழித்தும் வரும். அசலைச் செலவு செய்தால் ஒரே மழைக்காலத்தில் கதை முடிந்தது.

எண்ணூர் முகத்துவாரம்:
பணம் பேங்கில் தூங்கும், நாங்கள் முழித்திருக்கணும். சரி சார், அந்த ஒரு கோடியை முதலில் காட்டுங்கள்.

கஞ்சித்தொட்டி பேரன்:
இடையில் வருகிறேன். இதற்கெல்லாம் கிளீவ்லாந்து வரைக்கும் ஏன் போகிறீர்கள்? 1782ல் பஞ்சம் வந்தபோது கஞ்சி ஊற்ற ஆரம்பித்த மணியக்காரர் சத்திரம் நம்ம பக்கத்தில்தான் இருந்தது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியே அதிலிருந்து வந்ததுதான், இன்றைக்கும் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். 1782 பெரிதா, 1914 பெரிதா?

பெரம்பூர் பேரேடு:
ஐயா, சத்திரம் வேறு, சமூக அறக்கட்டளை வேறு. கிளீவ்லாந்தில் அதைத் தொடங்கிய ஃப்ரெடெரிக் காஃப் ஒரு பேங்க் தலைவர். செத்துப்போன பணக்காரர்கள் உயிலில் எழுதி வைத்த காரியம் காலாவதியான பிறகும் பணம் அதிலேயே மாட்டிக்கொள்கிறது என்பதுதான் அவர் கவலை. அதனால் எல்லாருடைய கொடையையும் ஒன்றாக வைத்து, ஊரில் உள்ள ஒரு குழு அந்தந்தக் காலத் தேவையைப் பார்த்துப் பிரிக்கட்டும் என்றார். இங்கே பச்சையப்பரை எடுத்துக்கொள்ளுங்கள், 1794ல் இறந்தார், அவர் சொத்திலிருந்து பள்ளிக்கூடம் வந்தது 1842ல்.

கஞ்சித்தொட்டி பேரன்:
பச்சையப்பரைக் குறை சொல்கிறீர்களா? அவர் பெயரில் படித்து ஆளானவர்கள் எத்தனை பேர் என்று தெரியுமா? நான் கேட்டது 1782ஆ 1914ஆ என்று.

எண்ணூர் முகத்துவாரம்:
அந்தக் கிளீவ்லாந்து கதையை நானும் சொல்கிறேன். அறக்கட்டளை வந்து 55 வருடம் கழித்து, 1969ல், அந்த ஊர் கயஹோகா ஆறே தீப்பிடித்து எரிந்தது. எண்ணெயும் கழிவும் மிதந்த ஆறு. அசல் அப்படியே பத்திரமாக இருந்தது, ஆறு எரிந்தது. எங்கள் ஆற்றிலும் எண்ணெய்தான். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

பெரம்பூர் பேரேடு:
ஆற்றில் கழிவை விட்டது அறக்கட்டளையா, ஆலையா? எதை எதோடு முடிச்சுப் போடுகிறீர்கள்?

எண்ணூர் முகத்துவாரம்:
அப்படியானால் இதைச் சொல்லுங்கள். கம்பெனிகளிடம் காசு வாங்கி அசல் சேர்க்கப் போகிறீர்கள். நாளைக்கு அதே கம்பெனி மேல் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடுகிற மீனவர் சங்கத்துக்கு அந்த வட்டியிலிருந்து வக்கீல் செலவுக்குக் கொடுப்பீர்களா? மரம் நட, கண் பரிசோதனை முகாம் நடத்தக் கொடுப்பீர்கள். கேள்வி கேட்கிறவனுக்குக் கொடுப்பீர்களா?

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்:
அண்ணா, அந்தக் கேள்விக்கு முன்னாலேயே ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவின்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் சமூகப் பணிக்குக் கட்டாயமாகச் செலவிட வேண்டிய 2 சதவீதப் பணத்தை எந்த அமைப்பின் அசல் நிதியிலும் போட முடியாது, 2021 ஜனவரி 22லிருந்து அப்படிப் போட்டால் அது அந்த 2 சதவீதக் கணக்கில் சேராது. வாங்குகிற அமைப்புக்கு 12ஏ, 80ஜி என்கிற வருமான வரிச் சலுகைப் பதிவுகள், மூன்று வருட அனுபவம் எல்லாம் வேண்டும். மொட்டை மாடி வகுப்புக்கு இதில் எதுவும் இருக்காது, அதனால் நடுவில் ஒரு அமைப்பு தேவை என்பது சரிதான். வெளிநாட்டுப் பணமும், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒரு அமைப்பு வாங்கி இன்னொன்றுக்குக் கொடுக்க முடியாது. முதலில் சமூக அறக்கட்டளை என்று நீங்கள் இரண்டு பேரும் எதைச் சொல்கிறீர்கள் என்று தெளிவுபடுத்தினால் நல்லது.

எண்ணூர் முகத்துவாரம்:
பார்த்தீர்களா! அசலே வராது என்று சட்டம் சொல்கிறது. இல்லாத அசலைத் தொடக்கூடாது என்று இத்தனை நாள் பாடம்!

பெரம்பூர் பேரேடு:
அந்த 2 சதவீதத்தைத்தான் வாங்கணும் என்று நான் எங்கே எழுதினேன்? கம்பெனி தன் சொந்த லாபத்திலிருந்து தனியாகவும் தரலாம். எம்.சி. ரோடு ஜவுளிக் கடைக்காரர்கள் தரலாம். வளைகுடாவில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வேலை பார்க்கிற நம்ம பசங்க தரலாம், அது வெளிநாட்டுப் பணம் ஆகாது. ரேட்டும் ஆடிட்டும் தெரியாதவர்களிடம் பேசி என்ன பிரயோஜனம்.

வியாசை பத்தாம் நம்பர்:
யாருக்குத் தெரியாது? எங்கள் டீமுக்கு ஷூ கேட்டு ஒரு அமைப்பிடம் போனோம். மூன்று வருட ஆடிட் ரிப்போர்ட் கேட்டார்கள். கால்பந்து ஆடுகிறவனுக்கு ஏது ஆடிட்? அப்புறம் ஜெர்சியில் எங்கள் லோகோ போடு, பேனர் பிடித்து போட்டோ எடு என்றார்கள். ஷூ வந்தது, பாதி பேருக்கு அளவு சேரவில்லை. கால் அளவை எழுதிக் கொடுத்திருந்தோம், யாரும் படிக்கவில்லை. இங்கே குழுவில் உட்காரப் போகிறது அண்ணா நகர்க்காரர்களா, எங்களில் ஒருத்தனா?

பெரம்பூர் பேரேடு:
தம்பி, அதனால்தான் உள்ளூர்க் குழு என்கிறேன். நீயே உட்காரலாம். ஆனால் 2015 வெள்ளத்துக்கு உங்கள் தெருவில் வசூல் செய்த பணத்துக்கு யாரும் கணக்கு ஒட்டவில்லை, அதையும் ஞாபகம் வைத்துக்கொள்.

வியாசை பத்தாம் நம்பர்:
அந்த வசூலில் நான் இல்லை. இருந்தவர் உங்கள் மச்சான். அதை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்?

கஞ்சித்தொட்டி பேரன்:
கணக்கு பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், 1782க்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

எண்ணூர் முகத்துவாரம்:
ஐயா, சத்திரத்தில் பசித்தவனுக்கு அன்றைக்கே கஞ்சி ஊற்றினார்கள், அரிசியைப் பூட்டி வைத்துவிட்டுத் தவிட்டைக் கொடுக்கவில்லை. என் கட்சிக்குத்தான் பலம் சேர்க்கிறீர்கள். பேரேடு சார், இன்னொன்றும் கேளுங்கள். அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் வருடம் 5 சதவீதமாவது செலவழிக்கணும் என்று சட்டம் இருக்கிறது, சமூக அறக்கட்டளைகளுக்கு அந்தக் கட்டாயமே இல்லை. பணத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தாலும் கேட்க ஆளில்லை. இதையா இங்கே கொண்டுவரப் பார்க்கிறீர்கள்?

பெரம்பூர் பேரேடு:
இந்திய வருமான வரிச் சட்டத்தில் அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிடணும், சும்மா உட்கார முடியாது. தெரிந்துகொண்டு பேசுங்கள்.

எண்ணூர் முகத்துவாரம்:
வருமானத்தில் 85. அசலில்? அசலில் எவ்வளவு சார்? அதைத்தானே முதலிலிருந்து கேட்கிறேன்.

பெரம்பூர் பேரேடு:
அசலைத் தொடக்கூடாது. எத்தனை தடவை கேட்டாலும் இதுதான் பதில்.

வியாசை பத்தாம் நம்பர்:
மச்சான் கணக்கை எப்போது ஒட்டப் போகிறார்?