செயற்கைக்கோள் இணைப்பின் தாமதத்தை அலுவலகத்திலேயே உருவாக்கிச் சோதிப்பது எப்படி?

கேள்வி (பாசிர் பாஞ்சாங் நிரலர்)

வணக்கம். சரக்குக் கப்பல்களில் இயந்திரப் பராமரிப்பைப் பதிவுசெய்யும் செயலி ஒன்றை நாங்கள் உருவாக்கி வருகிறோம். கப்பல் சிங்கப்பூர்க் கரையோரம் நங்கூரமிட்டிருக்கும்போது கைத்தொலைபேசிக் கட்டமைப்பில் ஒழுங்காக இயங்கும் செயலி, நடுக்கடலில் புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக இணைந்ததும் திணறுகிறது. மாலுமி 'அனுப்பு' பொத்தானை அழுத்துகிறார், 3 விநாடியில் பதில் வராமல் டைம்அவுட் ஆகிறது, மீண்டும் அழுத்துகிறார், சர்வரில் ஒரே பதிவு இரண்டு முறை ஏறிவிடுகிறது. குரோமின் டெவலப்பர் கருவியில் வேகத்தைக் குறைத்துச் சோதித்தால் இது தென்படுவதே இல்லை. 2017 ஏப்ரலிலேயே 2ஜி சேவையை மூடிவிட்ட ஊரில் மெதுவான இணைப்பைத் தேடி எங்கே போவது? நம்பகமான சோதனை முறை ஏதேனும் உண்டா?

மறுமொழி 1 (கட்டமைப்புப் பொறியாளர்)

குரோம் தரும் தாமதம் உலாவிக்குள் கோரிக்கை அளவில் சேர்க்கப்படுவது. அடியில் நடக்கும் டிசிபி (தரவு தொலையாமல் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் நெறிமுறை) உரையாடல் உங்கள் அலுவலக ஃபைபரின் வேகத்திலேயே முடிந்துவிடுகிறது. உங்கள் சிக்கலோ அந்த உரையாடலில்தான் இருக்கிறது எனத் தோன்றுகிறது.

புவிநிலைச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், கேள்வி ஏறி இறங்கி, பதிலும் ஏறி இறங்குவதற்கு ஒளியின் வேகத்திலேயே ஏறத்தாழ 480 மில்லிவிநாடி ஆகும். இடையிலுள்ள கருவிகளையும் சேர்த்து 600 என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய இணைப்பு ஒவ்வொன்றுக்கும் டிசிபி கைகுலுக்கலுக்கு (இணைப்பைத் தொடங்கும் அறிமுகத்துக்கு) போய்வரும் ஒரு சுற்று, இணைப்பை மறையாக்கும் நெறிமுறை டிஎல்எஸ் 1.2 என்றால் மேலும் இரண்டு, பிறகு கோரிக்கைக்கு ஒன்று என நான்கு சுற்றுகள், அதாவது 2.4 விநாடி. முதல் பாக்கெட் (தரவுத் துண்டு) தொலைந்துவிட்டால் அதை மறுபடி அனுப்ப டிசிபி வழக்கமாக 1 விநாடி காத்திருக்கும், 3.4 ஆகிவிட்டது, உங்கள் 3 விநாடி போதாது. டிஎல்எஸ் 1.3 ஒரு சுற்றை மிச்சப்படுத்தும். இணைப்பை மூடாமல் மறுபயன்பாடு செய்தால் இன்னும் நல்லது.

சோதனைக்கு, இரண்டு ஈதர்நெட் முனைகள் கொண்ட பழைய லினக்ஸ் கணினி ஒன்றைச் செயலிக்கும் சர்வருக்கும் நடுவில் வையுங்கள். லினக்ஸில் பாக்கெட்டுகளின் போக்கைக் கட்டுப்படுத்தும் டிசி கட்டளையில் தாமதத்தையும் இழப்பையும் உண்டாக்கும் பகுதியான நெட்எம், வெளியேறும் பாக்கெட்டுகளைத்தான் தாமதப்படுத்தும் என்பதால் இரு முனைகளிலும் தலா 300 மில்லிவிநாடி வைத்தால் இரு திசையும் சரியாகிவிடும். வேகத்தையும் 1 மெகாபிட்டுக்குக் கட்டுப்படுத்தினால் வரிசை நீளத்தைக் கவனிக்க வேண்டும்: நெட்எம்மின் இயல்பான வரம்பு 1,000 பாக்கெட், ஒவ்வொன்றும் 1,500 பைட் என்றால், நிறைந்த வரிசை வடிய 12 விநாடி ஆகும். அந்த வரம்பை நீங்களே தீர்மானியுங்கள். இல்லாவிட்டால் கடலில் இல்லாத ஒரு நோயைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

மறுமொழி 2 (செம்பவாங்கிலிருந்து)

தனிக் கணினி கிடைக்காமல் ஒரே மடிக்கணினியின் லூப்பேக்கில் (கணினி தன்னுடனேயே பேசும் உள் இணைப்பில்) சோதிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே போகும் பாக்கெட்டும் வரும் பாக்கெட்டும் அதே வரிசையைக் கடப்பதால், 300 என்று கொடுத்தாலே போய்வரும் நேரம் 600 ஆகிவிடும். மோசமான இணைப்பைப் போலச் செய்துகாட்டும் டாக்சிபிராக்சி எளிதுதான், ஆனால் அது டிசிபி அளவில் நடுவில் நிற்கும் கருவி. பாக்கெட் இழப்பை அதில் காட்ட முடியாது, கைகுலுக்கலும் அதனுடனேயே உடனடியாக முடிந்துவிடும்.

கேள்வியாளர்

மிக்க நன்றி. ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய இணைப்பு திறக்கப்படுவதைப் பதிவேட்டில் உறுதிசெய்துகொண்டேன். தாமதத்தில் ஏற்றத்தாழ்வும் சேர்த்தால் சோதனை உண்மைக்கு நெருக்கமாகுமா?

மறுமொழி 3 (சோதனைப் பிரிவு)

எச்சரிக்கையுடன் சேருங்கள். நெட்எம் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனித்தனித் தாமதத்தைக் கணிப்பதால், ஏற்றத்தாழ்வு பெரிதாக இருந்தால் பின்னால் புறப்பட்டது முன்னால் சேர்ந்துவிடும். டிசிபி அதை இழப்பு என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். ஆகவே முதலில் நிலையான தாமதம், அடுத்து இழப்பு, கடைசியில் ஏற்றத்தாழ்வு எனத் தனித்தனியாகப் பாருங்கள். மழையின்போது இழப்பு கொத்தாக நேரும். அதற்குச் சீரான 1 விழுக்காட்டைவிட, நல்ல நிலை, மோசமான நிலை என மாறி மாறி இழப்பைக் கொத்தாகக் காட்டும், நெட்எம்மிலேயே உள்ள கில்பர்ட்-எலியட் மாதிரி பொருத்தமானது.

டைம்அவுட்டை 10 விநாடியாக உயர்த்தினாலும் இரட்டைப் பதிவு முற்றிலும் நின்றுவிடாது, ஏனெனில் பதிவு சர்வரில் ஏறிய பிறகு அதன் பதில் மட்டும் வழியில் தொலையக்கூடும். பதிவுக்கான தனி அடையாள எண்ணைச் செயலியே உருவாக்கி அனுப்பட்டும். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் பழைய பதிலையே திருப்பித் தரட்டும்.