டாக்டர் 3டி டிவிய பாத்து அம்மாவுக்கு கேடராக்ட் (கண்புரை) ஆபரேஷன் பண்ணாங்க, இப்ப கார்னியா (கண்ணு முன்பக்கத்துல இருக்கற கண்ணாடி மாதிரி படலம்) வீங்கியிருக்கு.. மெஷினாலயா?

மருதமலை_அடிவாரம்:
அம்மாவுக்கு 71 வயசு, வலது கண்ணுல புரை நல்லா முத்திப்போச்சு, கூப்பிட்டா பேத்தி கல்யாணம் முடியட்டும் அது இதுன்னு தள்ளிட்டே இருந்தாங்க. போன வாரம்தான் ஒரு தனியார் ஆஸ்பத்திரில ஆபரேஷன் ஆச்சு. இங்க டாக்டர் மைக்ரோஸ்கோப்ல குனிஞ்சு பாக்க மாட்டாரு, பெரிய ஸ்க்ரீன்ல 3டி கண்ணாடி போட்டு பாத்து பண்ணுவாரு, ரொம்ப துல்லியம்னு கவுன்சிலிங்ல சொல்லி அதுக்கும் தனியா காசு வாங்கினாங்க. கட்டு பிரிச்சா ஒரே புகைமூட்டமா தெரியுதுங்கறாங்க. கார்னியா வீங்கியிருக்கு சொட்டு மருந்து விடுங்க சரியாயிடும்னு டாக்டர் சொல்றாரு. காலைல எந்திரிச்சதும் ரொம்ப மங்கல், மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் பரவால்ல. நேரா கண்ண பாக்காம டிவிய பாத்து பண்ணதாலயா இது? இடது கண்ணுக்கு பழைய மாதிரியே பண்ணுங்கன்னு கேக்கலாமா?

ஓட்டி_டெக்:
நான் கண் தியேட்டர்லதான் வேலை பாக்கறேன். ஸ்க்ரீன் மேல பழி போடாதீங்க ப்ரோ. மைக்ரோஸ்கோப் அங்கயேதான் இருக்கு, கண்ணு வச்சு பாக்கற இடத்துல கேமரா மாட்டியிருப்பாங்க அவ்ளோதான். ஆல்கான் கம்பெனியோட என்ஜெனுயிட்டிங்கற 3டி சிஸ்டம் 2016ல வந்துச்சு, ஜெய்ஸ் கம்பெனில ஆர்டிவோன்னு ஒண்ணு இருக்கு. 55 இன்ச் ஸ்க்ரீன், டாக்டர் நேரா நிமிந்து உக்காந்துக்கலாம், கழுத்து வலி முதுகு வலி கம்மி, லைட்டையும் கொறச்சு வைக்கலாம், அது பேஷண்டுக்கும் கண்ணு கூசாம இருக்கும். படம் வர்றதுல துளியூண்டு தாமதம் உண்டு, புதுசா பழகறவங்களுக்கு ஆரம்பத்துல கொஞ்சம் நேரம் இழுக்கும். ரெண்டு முறையையும் வச்சு ஒப்பிட்ட ஆய்வுகள்ல ஆபரேஷனுக்கு அப்புறம் கார்னியா தடிமன், அதோட உள்பக்க செல் இழப்பு ரெண்டுலயும் பெருசா வித்தியாசம் வரல. அதனால 3டினா வீக்கமே வராதுன்னு யாராச்சும் வித்திருந்தா அதயும் நம்பாதீங்க.

வீக்கம் வர்றது புரைய உடைக்கறப்ப. பேக்கோங்கற புரை உடைக்கற மெஷினோட ஊசி அல்ட்ராசவுண்ட்ல அதிர்ந்து புரை விழுந்த லென்ஸ உடைக்குது, புரை கல்லு மாதிரி இருந்தா அதிக பவர் அதிக நேரம், உள்ள தண்ணியும் நெறய ஓடும், உடஞ்ச துண்டு கார்னியாவோட உள்பக்கம் போய் உரசும். ஜெல் மாதிரி ஒண்ணு உள்ள விட்டு காப்பாத்தத்தான் பாப்பாங்க, ஆனாலும் முத்தின புரைல கொஞ்சம் அடிபடும்.

பொள்ளாச்சி_குமார்:
எங்கப்பாவுக்கு சாதா மைக்ரோஸ்கோப்லதான் பண்ணாங்க, அவருக்கும் இதே கத, 3டியும் இல்ல ஒண்ணும் இல்ல 😄 கார்னியாவுக்கு உள்பக்கம் ஒரே ஒரு அடுக்கு செல் இருக்காம், கிணத்துல ஊறற தண்ணிய மோட்டார் போட்டு இறைக்கற மாதிரி அதுதான் கார்னியாவுல சேர்ற தண்ணிய வெளிய தள்ளிட்டே இருக்கும்னு டாக்டர் சொன்னாரு. அதுல அடிபட்டா தண்ணி தேங்கி மங்கலாயிடும். ராத்திரி கண்ண மூடியே இருக்கறதால ஈரம் ஆவியாகாது, அதான் காலைல மோசமா இருக்கு, கண்ண தொறந்து வச்சிருக்க வச்சிருக்க தெளியுது. அவருக்கு ஸ்டீராய்டு சொட்டோட 5 சதவீத உப்புத்தண்ணி சொட்டும் எழுதினாங்க, நல்லா எரியும், ஆனா தெளிஞ்சுது. நீங்களா மெடிக்கல்ல வாங்கி விட்டுறாதீங்க, டாக்டர கேளுங்க.

கண்_பிஜி_மாணவி:
மேல ரெண்டு பேரும் சொன்னது சரி. ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன், அந்த உள் அடுக்கு செல் செத்தா திரும்ப வளராது, பக்கத்துல இருக்கறது நீண்டு எடத்த அடைச்சுக்கும். அதனால இடது கண்ணுக்கு 3டியா சாதாவாங்கறத விட ஆபரேஷனுக்கு முன்னாடி ஸ்பெகுலர் மைக்ரோஸ்கோப்பி எடுத்தீங்களான்னு கேளுங்க. கண்ண தொடாமயே போட்டோ எடுத்து அந்த செல்ல எண்ணிருவாங்க, பெரியவங்களுக்கு சதுர மில்லிமீட்டருக்கு 2000க்கு மேல இருந்தா நிம்மதி. ரொம்ப கம்மியா இருந்தாலோ ஃபுக்ஸ்ங்கற கார்னியா வியாதி இருந்தாலோ ரிஸ்க் ஜாஸ்தி, அத முன்னாடியே சொல்லணும். வலது கண்ணு தெளியற வரைக்கும் இடதுக்கு அவசரப்படாதீங்க. பெரும்பாலும் சில நாள்லயோ சில வாரத்துலயோ வடிஞ்சிரும், மாசக்கணக்கா வடியலன்னாதான் உள் அடுக்க மட்டும் மாத்தற ஆபரேஷன் பத்தி பேசுவாங்க. திடீர்னு வலி, நல்லா சிவப்பு, பார்வை இன்னும் கொறஞ்சா அடுத்த ரிவ்யூ தேதி வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே ஓடுங்க.

மருதமலை_அடிவாரம்:
ரொம்ப நன்றிங்க. ஃபைல தேடி பாத்தேன், ஸ்கேன், சுகர், ஈசிஜி எல்லாம் இருக்கு, ஸ்பெகுலர்னு ஒரு பேப்பரும் இல்ல. நாளைக்கு ரிவ்யூ, கேட்டுட்டு வர்றேன்.

பொள்ளாச்சி_குமார்:
ரெண்டு கண்ணுக்குமே எடுக்க சொல்லுங்க. டிஸ்சார்ஜ் சம்மரியோட ஒரு காப்பியும் வாங்கி வச்சுக்கங்க, வேற டாக்டர்ட்ட போனா மொதல்ல அதத்தான் கேப்பாங்க.